சிஎம்வி டிஎன்ஏ தடுப்பூசி 'ஜெயித்த' கதை

நுண்ணோக்கி: "சிஎம்வி வைரஸுக்கு டிஎன்ஏ தடுப்பூசி 2012-லேயே ஜெயித்துவிட்டது, கம்பெனிக்காரர்கள் அமுக்கிவிட்டார்கள்" என்று கொங்குத்தம்பி நேற்று எழுதியதைப் படித்து எனக்குக் காபி புரையேறிவிட்டது. சிஎம்வி என்றால் சைட்டோமெகலோ வைரஸ், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைப் படுத்துவது. அமெரிக்காவின் வைக்கல் கம்பெனி எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்களிடம் செய்த சோதனை அது. கணக்கில் வந்தவர்கள் 74 பேர். வெறும் 74!

கொங்குத்தம்பி: 74 பேர் என்றால் மனுஷர்கள் இல்லையா? ஊசி போட்டவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் ரத்தத்தில் வைரஸ் தெரிந்தது. போடாதவர்களில் ஐந்தில் மூன்று பேருக்கு. பேராசிரியர் கழித்தல் கணக்குப் போடுவாரா?

நுண்ணோக்கி: வைரஸ் மருந்து கொடுக்க வேண்டிய தேவை குறைந்ததா? சொல்லும்படி இல்லை. அப்புறம் ஜப்பானின் அஸ்டெல்லாஸ் பணம் போட்டு, 500 பேருக்கு மேல் மூன்றாம் கட்டச் சோதனை நடந்தது. 2018-இல் தோல்வி. அமுக்குகிறவன் எதற்கய்யா காசைக் கொட்டி 500 பேரிடம் சோதிக்கிறான்? உங்களுக்கு 74 போதும்.

ரேவதி: மஜ்ஜை மாற்றிய பிறகு என் தம்பிக்கு சிஎம்விக்கான கான்சிக்ளோவிர் மருந்தை ஏற்றினார்கள். அதில் ரத்த வெள்ளணு மளமளவென்று சரிந்தது. ஒவ்வொரு வாரமும் ரத்தத்தில் வைரஸ் அளவைச் சொல்லும் பிசிஆர் ரிப்போர்ட்டைப் பிரிக்கும்போது அம்மாவுக்குக் கை நடுங்கும். நீங்கள் இருவரும் 'ஜெயித்தது' என்பது எதை? வைரஸ் குறைந்ததையா, மருந்து குறைந்ததையா?

கொங்குத்தம்பி: அக்கா, அது இருக்கட்டும். 2021-இல் சைகோவ்-டி என்ற கோவிட் டிஎன்ஏ ஊசி வந்தபோதும் 'டிஎன்ஏ ஊசி மனுஷனுக்குச் சரிப்படாது' என்றவர்தான் இவர். இந்தியா அனுமதி கொடுத்ததும் ஒரு வாரம் ஆளையே காணோம்!

நுண்ணோக்கி: பேத்தி காதுகுத்துக்குப் போயிருந்தேன். அதோடு அது கோவிட். சிஎம்வி ஆயுசுக்கும் உடம்பில் பதுங்கியிருக்கும். வைக்கல் ஊசியில் இருந்தவை இரண்டே பிளாஸ்மிட்கள், அதாவது வளைய டிஎன்ஏக்கள்; ஜிபி, பிபி65 என்ற இரண்டு வைரஸ் புரதங்களை உடம்பையே செய்ய வைப்பதற்காக. அவ்வளவுதான். 74 பேரிடம் பார்த்ததை…

தமிழ்ச்சேது: பிளாஸ்மிட் அல்ல ஐயா, கணிமி.

கொங்குத்தம்பி: கணிமியா? கணினிக்குத் தங்கச்சியா?

தமிழ்ச்சேது: கேலி செய்யத் தெரிந்த அளவுக்குத் தமிழ் தெரிந்திருக்கலாம்.

நுண்ணோக்கி: சேது, உங்கள் சொல்லாராய்ச்சிக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். கொங்கு, 500 பெரியதா, 74 பெரியதா? இதற்கு மட்டும் பதில்.

கொங்குத்தம்பி: முதலில் அந்தக் காதுகுத்து எந்தத் தேதியில் நடந்தது, அதைச் சொல்லுங்கள்.

ரேவதி: நான் கேட்டது அப்படியே நிற்கிறது.

நுண்ணோக்கி: ஆகஸ்ட் 22. பத்திரிகையை அனுப்பட்டுமா?