மறு: மின்சங்கிலி வாள் பராமரிப்பு – ‘டெப்த் கேஜ்’ ஆழமானியா, மட்டுமேடா?

அன்புள்ள ஐயா,

மின்சங்கிலி வாள் பராமரிப்புக் குறிப்பின் தமிழ் வரைவில் வரும் கலைச்சொற்கள் பற்றி நீங்கள் எழுதியதற்கு என் பதில்.

> வெப்பமானி, அழுத்தமானி வரிசையில் ‘ஆழமானி’ அழகாகப் பொருந்துகிறதே. புதுச்சொல் எதற்கு?

சிக்கலே அந்த ‘மானி’யில்தான். சங்கிலியின் ஒவ்வொரு வெட்டுப்பல்லுக்கும் முன்னால் சின்னதாக ஒரு மேடு இருக்கும், அதுதான் ‘டெப்த் கேஜ்’. அது எதையும் அளப்பதில்லை. பல் மரத்துக்குள் இவ்வளவுதான் இறங்கலாம் என்று தடுத்து நிறுத்துகிறது. இழைப்புளியில் அடிக்கட்டைக்கு வெளியே உளி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு தடிமனில்தானே சீவல் வரும்? இங்கும் அதே கணக்கு. பல சிறிய வாள்களில் பல்நுனிக்கும் மேட்டுக்கும் உள்ள உயர வேறுபாடு 0.65 மி.மீ. அளவில் இருக்கும்.

பல்லின் மேற்பரப்பு பின்பக்கமாகச் சரிந்திருப்பதால், உருட்டு அரத்தால் தீட்டத் தீட்ட அதன் உயரம் குறையும், மேடு மட்டும் அப்படியே நிற்கும். பல் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அப்போது சீவலுக்குப் பதில் தூள்தான் கொட்டும். ஆள் வாளை அழுத்துவார், மோட்டார் சூடாகும். அதனால்தான் மேட்டையும் தட்டை அரத்தால் குறைக்கச் சொல்கிறார்கள். அதற்கென்றே பிளவு வைத்த ஓர் அளவுத் தகடு உண்டு. அதைச் சங்கிலிமேல் வைத்து, பிளவில் தலைநீட்டுவதை மட்டும் அராவி, முன்விளிம்பைப் பழையபடி உருட்டிவிட வேண்டும். அந்தத் தகடும் ‘கேஜ்’தான்! உங்கள் வழியில் போனால் “ஆழமானியை ஆழமானியால் அளந்து அராவுக” என்று எழுத நேரும். படிப்பவர் தகட்டையே அராவினாலும் ஆச்சரியமில்லை.

ஆகவே என் பரிந்துரை ‘மட்டுமேடு’. மட்டுப்படுத்தும் மேடு. கணிமையில் ‘மட்டு’ வேறு பொருளில் வழங்குவது தெரியும், மேடு சேர்ந்தபின் குழம்ப வழியில்லை. ‘மட்டுப்பல்’ என்று இன்னொருவர் சொன்னது நாவுக்கு இதம்தான். ஆனால் பல் என்றாலே கூராக்கக் கை பரபரக்கும், கூராக்கக் கூடாத இடம் அது.

> கிக்பேக் = பின்னுதைப்பு

துப்பாக்கிக்குச் சரி, அது நேர்பின்னால் உதைக்கும். வாள்மூக்கின் மேற்பாதி மரத்தில் இடித்தால், வாள் மேலெழும்பி ஆளை நோக்கி வளைந்து வரும். ‘எகிறல்’ போதுமே. “மட்டுமேட்டை அளவுக்கு மீறி அராவினால் எகிறல் கூடும்” – ஓடுகிறதா பாருங்கள்.

வரைவில் “மின்தொடர்பு நீக்கியபின் துப்புரவு செய்க” என்ற வரியை மாற்றியே ஆக வேண்டும். சுவிட்சை அணைத்தாலே நீக்கியாயிற்று என்று பலர் எடுத்துக்கொள்வார்கள். அங்கே கலைச்சொல்லே வேண்டாம்: “பிளக்கைப் பிடுங்குங்கள் அல்லது பேட்டரியைக் கழற்றுங்கள். தடித்த கையுறை போட்ட பிறகே சங்கிலியைத் தொடுங்கள்.” எண்ணெயோடு பிசைந்து அடைத்திருக்கும் மரத்தூளைத் தூரிகையால் தள்ள வேண்டும், தண்ணீர் பீய்ச்சக் கூடாது என்பதையும் அதே பத்தியில் சேர்த்துவிடலாம்.

‘சங்கிலி எண்ணெய்’ எனக்குச் சம்மதம். எஞ்சின் இல்லாத வாளுக்கு எண்ணெய் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் அந்தப் பெயரிலேயே பதில் இருக்கிறது.

பாரின் (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகட்டின்) ‘குரூவ்’ தச்சர் வாயில் காடிதான், ‘பள்ளக்கோடு’ வேண்டாம். காடிக்குள் ஓடும் ‘டிரைவ் லிங்க்’குக்கு ‘இயக்கு கண்ணி’ என்று போட்டிருக்கிறேன். மறுப்பிருந்தால் எழுதுங்கள்.