பழநியில் டீ, மடத்துக்குளத்தில் பூட்டு

குழு: அம்மிச்சி வீடு
2021 ஜூன் 14, திங்கட்கிழமை

காலை 7.12 பழநி சித்தி
(படம்: தூக்குப்போசி நிறைய டீ)
கொரோனா ஊரடங்கில் ஒரு மாதம் கழித்துக் கடை டீ. இன்று முதல் பார்சல் மட்டும் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். பாலித்தீன் பையில் கட்டித் தரவில்லை, போசி கொண்டு போனால்தான் ஊற்றுகிறார்கள். சித்தப்பா இரண்டு டம்ளர் குடித்துவிட்டார்.

காலை 7.18 அம்மா
அது நம் அம்மாவின் போசிதானே?

காலை 7.19 பழநி சித்தி
அதேதான் அக்கா. அடியில் பெயர் வெட்டியிருக்கிறது பார்.

காலை 7.31 மடத்துக்குளம் மாமா
நல்லது. குடியுங்கள். என் கடையில் பாய்லரைக் கவிழ்த்து வைத்து இன்றோடு முப்பது நாள். இங்கிருந்து பழநிக்கு வண்டியில் அரை மணி நேரம். சாமிநாதபுரம் தாண்டினால் டீ உண்டு, தாண்டாவிட்டால் இல்லை. அந்தப் பக்கம் திண்டுக்கல் மாவட்டம், இந்தப் பக்கம் திருப்பூர் மாவட்டம். ஒரே ரோடு.

காலை 7.40 சென்னை அண்ணன்
மாமா, நம் பக்கத்தில் மட்டும் ஏழு மாவட்டம். கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல். அதோடு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை. இந்தப் பதினொன்றுக்கு மட்டும் தளர்வு குறைவு. மற்ற 27 மாவட்டத்தில் சலூன், டீக்கடை, டாஸ்மாக் எல்லாம் திறந்தாயிற்று. இங்கே சென்னையில் தெரு பழையபடி ஆகிவிட்டது.

காலை 7.44 மடத்துக்குளம் மாமா
அதைத்தான் கேட்கிறேன் மாப்பிள்ளை. இங்கே முடி வெட்ட ஆள் இல்லை, டீ இல்லை. ஆனால் விடிந்ததிலிருந்து பைக்குகள் வரிசையாகப் பழநி ரோட்டில் போகின்றன. எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

காலை 7.52 பழநி சித்தி
அண்ணா, அந்தக் கூட்டம் எங்கள் ஊரில்தான் வந்து நிற்கும். கடை திறக்கப் பத்து மணி ஆகும், இப்போதே ஆட்கள் நிற்கிறார்கள். முகக்கவசம் பாதிப் பேருக்குத் தாடையில் இருக்கிறது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

காலை 8.05 சென்னை அண்ணன்
போன வருடம் மே 7 அன்று டாஸ்மாக் திறந்தபோது கறுப்புச் சட்டை போட்டு எதிர்த்தவர்கள்தான் இன்று ஆட்சியில் இருந்து திறக்கிறார்கள். நேற்று இதை எதிர்த்துப் போராடியவர்கள் அன்று ஆண்டவர்களோடு கூட்டணியில் இருந்தவர்கள். யாரைப் போய்க் கேட்பது?

காலை 8.07 அம்மா
கண்ணு, கட்சி வேண்டாம். போன தேர்தலில் இந்தக் குழுவிலிருந்து இரண்டு பேர் வெளியே போய்த் திரும்பச் சேர்த்தோம். மாமா கடையைப் பேசலாம்.

காலை 8.48 கோவை அக்கா
இரவுப் பணி முடிந்து இப்போதுதான் வந்தேன். எல்லாவற்றையும் படித்தேன்.

மாமா, எண்ணிக்கை இறங்கியது உண்மைதான். மே 21 அன்று தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் 36,184 பேர். இப்போது அதில் பாதிக்கும் கீழே. ஆனால் சென்னை இறங்கிய வேகத்தில் கோவை இறங்கவில்லை. மே கடைசியில் தினசரி எண்ணிக்கையில் சென்னையையே தாண்டினோம், நினைவிருக்கிறதா? முதல்வர் கவச உடை போட்டுக்கொண்டு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குள் வந்தது அப்போதுதான்.

இன்னொன்று. தொற்று இறங்கியவுடன் வார்டு காலியாகிவிடாது. முதலில் பரிசோதனையில் எண்ணிக்கை குறையும். அப்புறம் படுக்கை. கடைசியில்தான் சாவு குறையும். பத்து நாளுக்கு முன்பு வந்தவர்கள் இன்னும் ஆக்சிஜனில் இருக்கிறார்கள். நேற்று இரவு என் வார்டில் முப்பது படுக்கையில் ஒன்றுதான் காலி. அது எப்படிக் காலியானது என்று எழுத மனம் வரவில்லை. இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள் மாமா.

காலை 9.02 மடத்துக்குளம் மாமா
அம்மணி, நீ சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் இரண்டு வாரம் என்று மே 10-ஆம் தேதி சொன்னார்கள். அப்புறம் 24 முதல் ஒரு வாரம். அப்புறம் இன்னொரு வாரம். அப்புறம் 7-ஆம் தேதி. இன்று 14. அடுத்தது 21 என்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் கடைசியில்தான் தெரிகிறது. மாஸ்டரை ஊருக்கு அனுப்புவதா, நிறுத்தி வைப்பதா? சொசைட்டியில் பால் சொல்வதா, வேண்டாமா? வாடகை 6,500. கரண்ட் பில், கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருகிறது. நிவாரணம் முதலில் 2,000 வந்தது, இரண்டாவது 2,000-க்கு டோக்கன் கொடுத்திருக்கிறார்கள். பதினான்கு மளிகைப் பொருளும் சேர்த்து. நன்றி சொல்லி வாங்கிக்கொள்வேன். ஆனால் அது வீட்டுக்கு. கடைக்கு யார் தருவார்கள்?

காலை 9.10 சென்னை அண்ணன்
சரியான கேள்வி. என் வேனுக்கும் அதேதான். போன வருடம் ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்க விட்டது. வட்டி ஏறியது, ஆனாலும் மூச்சு விட்டோம். இந்த முறை எல்லாருக்கும் பொதுவாக அப்படி எதுவும் இல்லை. வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது, தவணைத் தேதி மட்டும் நிற்பதில்லை. பாப்பா, கோபித்துக்கொள்ளாதே. பொறுங்கள் என்று சொல்வது மாதச் சம்பளம் வருகிறவர்களுக்குச் சுலபம்.

காலை 9.14 கோவை அக்கா
சம்பளம் வருகிறது அண்ணா. அப்பாவைக் கடைசியாகப் பார்க்க விடுப்புதான் வரவில்லை.

காலை 9.15 சென்னை அண்ணன்
(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

காலை 9.15 சென்னை அண்ணன்
(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

காலை 9.52 கரூர் பெரியப்பா
நான்தான், பெரியம்மா. அவர் போனில் இருந்து எழுதுகிறேன். என் போனில் சார்ஜ் நிற்பதில்லை.

இரண்டு பேரும் அப்பாவை எடுத்து ஆளுக்கொரு பக்கம் வைக்க வேண்டாம். மே 9 ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் எல்லாம் மூடிவிடுவார்கள் என்று எண்ணெயும் அரிசியும் வாங்கப் போனார். கடைவீதியில் நிற்க இடமில்லை என்று வந்து சொன்னார். 13-ஆம் தேதி காய்ச்சல். 24-ஆம் தேதி போய்விட்டார். அந்தக் கூட்டத்தில் பிடித்ததா, அதற்கு முந்தின வாரம் கல்யாண வீட்டில் பிடித்ததா, எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. தெரியாததை வைத்து நீங்கள் சண்டை போடாதீர்கள்.

காலை 9.55 சென்னை அண்ணன்
சரிம்மா. பாப்பா, தப்புதான். போன் போடுகிறேன், எடு.

காலை 11.20 நான்
மாமா, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். ஆன்லைன் வகுப்பு, பாதிச் சம்பளம். ஆனாலும் உடனே திறக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அக்கா சொல்கிற வரிசையை நான் நம்புகிறேன். ஆனால் மூடச் சொல்கிறவர்கள் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, எந்த எண்ணிக்கைக்கு வந்தால் திறப்பார்கள் என்று. கோவைக்கு இவ்வளவு, திருப்பூருக்கு இவ்வளவு, இத்தனை படுக்கை காலியாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், மாமா தினமும் பேப்பரைப் பார்த்துத் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். அறிவிப்புக்காக டிவி முன்னால் உட்கார வேண்டியதில்லை. இரண்டாவது, மூடிய கடைக்கு வாடகையில் ஒரு பங்காவது. நோயை ஊரே சேர்ந்து தடுக்கிறது என்றால் அதன் செலவை டீக்கடைக்காரரும் வேன்காரரும் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

காலை 11.34 பழநி சித்தி
திறந்த ஊரில் எல்லாருக்கும் பிழைப்பு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஏப்ரல் 26-லிருந்து மலைக்குப் பக்தர்களை விடுவதில்லை. கோயில் மூடியிருக்கும்போது அடிவாரத்தில் எங்கள் பூஜைச் சாமான் கடையைத் திறந்து என்ன பண்ணுவது? மொட்டை அடிக்கிறவர்கள், குதிரை வண்டிக்காரர்கள், பஞ்சாமிர்தக் கடைகள், எல்லாரும் மலையைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறோம். பஸ்ஸும் ஓடவில்லை. சித்தப்பா தினமும் கடையைத் திறந்து, குங்குமத் தட்டைத் துடைத்து வைத்துவிட்டு வருகிறார். போன வாரம் கற்பூரம் ஒரு டப்பா கரைந்தே போய்விட்டது. டீ கிடைக்கிறது, அவ்வளவுதான்.

மதியம் 12.06 மடத்துக்குளம் மாமா
ஒன்று சொல்ல வேண்டும். மறைத்து வைத்தால் தூக்கம் வராது.

மூன்று நாளாகக் காலை நாலரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து டீ போடுகிறேன். காட்டு வேலைக்குப் போகிறவர்கள், பால் ஊற்ற வருகிறவர்கள், ஒரு இருபது பேர். ஆறு மணிக்கு முன்பு மூடிவிடுவேன். போலீஸ் இதுவரை வரவில்லை.

மதியம் 12.08 அம்மா
அடப்பாவி, உனக்குச் சர்க்கரை இருக்கிறதே!

மதியம் 12.15 கோவை அக்கா
மாமா, உள்ளேயா நிற்கிறார்கள்?

மதியம் 12.17 மடத்துக்குளம் மாமா
உள்ளேதான். வெளியே நின்றால் தெரிந்துவிடுமே.

மதியம் 12.31 கோவை அக்கா
தூங்கப் போனவள் எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் கடை எனக்குத் தெரியும் மாமா. பத்தடிக்குப் பன்னிரண்டு. ஒரே வாசல். அதையும் பாதி இறக்கிவிட்டால் காற்று எங்கே வரும்? பாய்லர் ஆவி, அடுப்பு, இருபது பேர் மூச்சு, டீ குடிக்கிறதால் ஒருவர் முகத்திலும் முகக்கவசம் இல்லை. ஒருவருக்கு இருந்தால் போதும். அறிகுறி தெரிவதற்கு முன்பே பரவும். பழநியில் வெளியே நின்று போசியில் வாங்கிக்கொண்டு போகிறார்களே, அது இதைவிட எவ்வளவோ மேல். நீங்கள் வெளிப்படையாகப் பார்சல் கொடுத்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மதியம் 12.38 சென்னை அண்ணன்
பாப்பா, இதையேதான் நானும் சொல்ல வந்தேன். மூடச் சொன்னால் எல்லாரும் மூடிவிடுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். பாதி ஷட்டருக்குள் போகிறார்கள். பார்சல் மட்டும் என்று அங்கேயும் விட்டிருந்தால் மாமா வெளியே நின்று ஊற்றியிருப்பார்.

மதியம் 12.44 கோவை அக்கா
டீ பார்சலுக்கு நான் ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. உட்கார்ந்து குடிப்பது, கல்யாண மண்டபம், பஸ், இதெல்லாம் இன்னும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுத் "திற", "மூடு" என்று பேசுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மாமா, அனுமதி வருகிற வரை நாளைக்குத் திறக்கக் கூடாது. தடுப்பூசி போட்டாயிற்றா?

மதியம் 12.50 மடத்துக்குளம் மாமா
ஒரு ஊசி போட்டது ஏப்ரலில். இரண்டாவதுக்கு இரண்டு முறை போய் வந்தேன். டோக்கன் தீர்ந்துவிட்டது என்றார்கள்.

மதியம் 12.53 கோவை அக்கா
கோவிஷீல்டு என்றால் இரண்டு ஊசிக்கும் நடுவில் 12 முதல் 16 வாரம் விட வேண்டும் என்று மே மாதமே மாற்றிவிட்டார்கள். தேதியை எனக்கு அனுப்புங்கள், நான் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். அத்தைக்கும் இன்னும் போடவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

மதியம் 1.20 கரூர் பெரியப்பா
பெரியம்மா எழுதுகிறேன். தம்பி, நீ கடையை மூடு. உங்கள் அத்தான் ஜனவரியில் உன்னிடம் வாங்கிய 10,000 திருப்பித் தரவில்லை. நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், நேற்றுத்தான் பார்த்தேன். இந்த மாத வாடகைக்கு அதை அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே, அது உன் பணம்.

மதியம் 1.41 மடத்துக்குளம் மாமா
அக்கா, நான் அதை மறந்தே போய்விட்டேன்.

மதியம் 1.42 கரூர் பெரியப்பா
அவர் மறக்கவில்லை.

மாலை 6.30 பழநி சித்தி
பத்து மணிக்கு வந்த கூட்டம் மூன்று மணிக்குத்தான் குறைந்தது. செக்போஸ்ட்டில் திருப்பூர் வண்டிகளைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று சித்தப்பா பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

இரவு 9.05 மடத்துக்குளம் மாமா
நாலு லிட்டர் பால் நாளைக்கு வருகிறது, சொல்லிவிட்டேன். தயிருக்கு உறை ஊற்றிவிடலாமா?

இரவு 9.07 அம்மா
ஊற்று. மீதியை எனக்குக் கொடுத்து அனுப்பு. நிவாரண டோக்கனில் உனக்கு எத்தனை மணி?

இரவு 9.08 மடத்துக்குளம் மாமா
நாளைக் காலை பத்து.

2021 ஜூன் 15, செவ்வாய்க்கிழமை

காலை 5.02 மடத்துக்குளம் மாமா
(படம்: முழுக்க இறக்கிய ஷட்டர், அதில் ஒட்டிய காகிதம்: டீ இல்லை. அனுமதி வந்ததும் பார்சல் உண்டு. போசி கொண்டு வரவும்.)
எட்டுப் பேர் வந்தார்கள். படித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார், வீட்டில் அடுப்பு இல்லை என்றார். அவருக்கு மட்டும் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அம்மணி, அது பரவாயில்லையா?

காலை 5.40 கோவை அக்கா
பரவாயில்லை மாமா.