நார்வே நாவல்களில் சிறுவயதுக் காயம்: வழிகாட்டுங்களேன்

வணக்கம் நண்பர்களே. பெர் பெத்தர்சனின் 'அவுட் ஸ்டீலிங் ஹார்சஸ்' (2003) முடித்தேன். மனசு இன்னும் அதிலேயே நிற்கிறது. 1948 கோடை. யோன் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுக்க மறந்துவிடுகிறான். பத்து வயதுத் தம்பி லார்ஸ் சுட, கூடப்பிறந்த இரட்டையன் ஒட் சாகிறான். மறுநாள் மரத்தின் மேல் யோன் ஒரு குருவிக்கூட்டைக் கையாலேயே நொறுக்குகிறான். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அந்த இடம்தான் நாவலின் உச்சம்.

வேசோஸின் 'தி ஐஸ் பேலஸ்' (1963) சிறுமி சிஸ்ஸும் தோழி காணாமல்போனதும் இப்படித்தான் தனக்குள் ஒடுங்கிவிடுகிறாள்.

இந்த மௌனமே ஒருவரின் சுபாவமாகிவிடுவது பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். பெண் எழுத்தாளர்களில் விக்டிஸ் யோர்ட் மட்டுமே படித்திருக்கிறேன். வேறு யாரைப் படிக்கலாம்? ஆங்கிலத்தில் கிடைப்பதாக இருந்தால் நல்லது. விமர்சனக் கட்டுரைகள் தெரிந்தாலும் அவசியம் சொல்லுங்கள்.