குலுக்கலில் வந்த 160 பேர் தேர்தல் முறையை ஆராய்ந்த கதை

கேள்வி:
கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், தேர்தல் முறையை மாற்ற வேண்டுமா என்று ஆராயும் பொறுப்பை 2004ஆம் ஆண்டு கட்சிகளிடம் விடாமல், குலுக்கலில் தேர்ந்த சாதாரணக் குடிமக்களிடம் ஒப்படைத்ததாகப் படித்தேன். வாக்கு எண்ணும் கணக்கை முன்பின் அறியாதவர்களால் இதை எப்படிச் செய்ய முடிந்தது? அவர்களுடைய பரிந்துரை ஏன் நடைமுறைக்கு வரவில்லை?

மறுமொழி 1:
79 தொகுதிகளிலிருந்தும் தலா ஓர் ஆண், ஒரு பெண், அவர்களுடன் பழங்குடியினர் இருவர் என மொத்தம் 160 பேர். அவர்களிடம் உடனே முடிவைக் கேட்கவில்லை என்பதே உங்கள் முதல் கேள்விக்கு விடை. சனவரி தொடங்கி வார இறுதிகளில் கூடிப் பல நாடுகளின் தேர்தல் முறைகளைப் பாடமாகப் படித்தார்கள்; பின்னர் மாகாணமெங்கும் 50 கூட்டங்களில் பொதுமக்கள் சொன்னதைக் கேட்டார்கள்; செப்டம்பருக்குப் பிறகே விவாதத்தில் இறங்கினார்கள். இறுதியில் 146 பேர் ஆதரிக்க, 7 பேர் மட்டும் எதிர்க்க, ஒற்றை மாற்று வாக்கு முறையைப் பரிந்துரைத்தார்கள். நம் சட்டமன்ற உறுப்பினர்கள் மாநிலங்களவைக்கு வாக்களிக்கும் அதே முறைதான். வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தினால், வெற்றிக்குத் தேவையானது போக மிஞ்சும் வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போய்ச் சேரும்.

மறுமொழி 2:
இரண்டாவது கேள்விக்கு: 2005 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் 57.7 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். 79 தொகுதிகளில் 77இல் பெரும்பான்மையும் கிடைத்தது. ஆனால் அரசு வகுத்த வரம்பு 60 விழுக்காடு. 1996இல் அப்போதைய ஆளுங்கட்சியை விட அதிக வாக்குகள் பெற்றும் ஆட்சியைப் பிடிக்க முடியாமல் போய், 2001இல் 79 இடங்களில் 77ஐ அள்ளிக்கொண்ட கட்சியே அந்த வரம்பை வைத்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மறுமொழி 1:
வரம்பை மட்டும் குறை சொல்ல முடியாது, ஐயா. 2009இல் அதே முறையை மீண்டும் வாக்கெடுப்புக்கு விட்டபோது ஆதரவு 39 விழுக்காடாகச் சரிந்தது. முதல் முறை பலர் அந்த முறையைப் புரிந்துகொண்டதைவிட, தங்களைப் போன்றவர்கள் ஓராண்டு உழைத்துச் சொன்னதாயிற்றே என்ற நம்பிக்கையில்தான் வாக்களித்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. நான்கு ஆண்டுகளில் அந்த 160 பேர் நினைவிலிருந்து மறைந்துவிட்டார்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் 2009 பொதுவாக்கெடுப்புக்குச் செலவிட்ட உழைப்பை, கூட்டத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுப்பதிலும் செலவிட்டிருக்கலாமே?

மறுமொழி 2:
கனடாவின் இன்னொரு மாகாணமான ஒன்டாரியோவில் 2007இல் 103 பேர் கொண்ட இதே போன்ற மன்றம், கட்சிகள் பெறும் வாக்குகளின் பங்குக்கேற்ப இடங்களைத் தரும் வேறொரு விகிதாசார முறையைப் பரிந்துரைத்தது. அங்கே பொதுவாக்கெடுப்பில் கிடைத்த ஆதரவு சுமார் 37 விழுக்காடு. உங்கள் ஐயத்தை முதலில் அங்கே கேட்டிருக்க வேண்டும்.