களத்தில் இருக்கும் இளம் பெண்ணியவாதிகள் யார்?

கயல்:
கல்லூரியில் "இன்றைய பெண்ணியம்" பற்றிப் பேச வேண்டும். தேடினால் ரீல்ஸும் ஹேஷ்டேகும்தான் வருகின்றன. அதைக் குறை சொல்லவில்லை, ஆனால் இறங்கி வேலை செய்து ஏதாவது ஒன்றை மாற்றிக் காட்டியவர்கள் நம் பக்கம் இருக்கிறார்களா?

வேடசந்தூர்க்காரி:
திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுங்க. கார்மென்ட்ஸ் ஆலையில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கப் போட்டது. 2021 ஜனவரியில் இங்கே கார்மென்ட்ஸ் வேலைக்குப் போன ஒரு இளம் தலித் பெண் கொல்லப்பட்டார், கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அவர் இருந்த சங்கம் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம். பெரும்பாலும் தலித் பெண்கள், தலைவர் திவ்யராகினி. அவர்கள் விடவே இல்லை. 2022 ஏப்ரலில் ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸையும், அதனிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டான எச் அண்ட் எம்மையும் கையெழுத்துப் போட வைத்தார்கள், பிறகு கேப் என்ற பிராண்டும் சேர்ந்தது. கம்பெனி சொன்னபடி நடக்காவிட்டால் ஆர்டர் கொடுப்பவர்களே நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று அதில் எழுதி வைத்தார்கள், அதுதான் பிடி.

சும்மா_ஒருவன்:
பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்தாலே புகார்க் குழு கட்டாயமாச்சே, தனி ஒப்பந்தம் எதற்கு? இதெல்லாம் சங்க வேலை, இதில் பெண்ணியம் எங்கே வந்தது?

வேடசந்தூர்க்காரி:
அந்தக் குழுவைப் போடுவதே நிர்வாகம்தான் சார். புகார் கொடுத்தால் வேலை போய்விடும் என்று பயப்படுகிற பெண் அங்கே போவாளா? லைனில் கெட்ட வார்த்தையும் தோளில் கை போடுவதும் பாதி நேரம் "டார்கெட் முடிக்கலையா" என்ற சாக்கில்தான் வரும், அது வெளியிலிருந்து வருகிற ஆடிட்டருக்குத் தெரியாது, பக்கத்து மிஷினில் இருப்பவளுக்குத் தெரியும். அதனால் தொழிலாளிகளுக்கே பயிற்சி கொடுத்து அங்கேயே கண்காணிக்க வைத்தார்கள். சாதியைச் சொல்லித் திட்டுவதும் இதில் அடங்கும். இது பெண்ணியம் இல்லை என்றால் வேறு எது?

ரேவதி_மதுரை:
கூடவே கடையில் வேலை செய்பவர்கள் உட்காரும் உரிமையையும் சேர்த்துக்கொள், கயல். கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரர் (இளம்பெண் இல்லை, பரவாயில்லை) துணிக்கடைப் பெண்களைத் திரட்டினார், முதலில் கழிப்பறைக்காக, அப்புறம் நாற்காலிக்காக. 2018-இல் கேரளாவில் சட்டம் மாறியது, 2021-இல் நம் சட்டமன்றத்திலும். ஆனாலும் இன்னும் பல கடைகளில் ஸ்டூல் மேல் புடவைக் கட்டுதான் உட்கார்ந்திருக்கிறது.

கயல்:
நன்றி அக்கா. திண்டுக்கல்லையே எடுத்துக்கொள்கிறேன். சங்கத்தில் இருக்கும் யாரிடமாவது போனில் பேச முடியுமா?