வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், என் ஜீஜீ (ZZ) செடியில் ஆரம்பிக்கிறேன்

சென்னை, பெரும்பாக்கம்

நான்காவது மாடியில் இருக்கிறோம். பால்கனி மேற்குப் பார்த்தது, துணி காயப்போடவே இடம் சரியாக இருக்கும், அதனால் செடி எல்லாம் ஹாலுக்குள்தான். போன ஆடி மாதம் ஒரு நர்சரியில் 350 ரூபாய்க்கு ஒரு ஜீஜீ செடி வாங்கினேன். இருட்டிலும் வளரும், ஒன்றும் பார்க்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வெள்ளைப் பீங்கான் தொட்டி, அடியில் ஓட்டை கிடையாது. கீழே இரண்டு அங்குலம் கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடிந்து அங்கே நின்றுகொள்ளும் என்று யாரோ சொன்னார்கள், அதையும் போட்டு, நர்சரிக் கவரில் இருந்த செம்மண்ணோடு அப்படியே உள்ளே இறக்கி டிவி பக்கத்து மூலையில் வைத்தேன்.

தினமும் காலையில் காபி குடித்த கையோடு ஒரு டம்ளர் தண்ணீர். நான்கு மாதம் வரை ஒன்றும் தெரியவில்லை, பளபளவென்று புதுத் தண்டுகூட ஒன்று வந்தது. அப்புறம் மழை பிடித்த சமயத்தில் ஒரு தண்டு அடியிலிருந்து மஞ்சளாக ஆரம்பித்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு டம்ளர் ஆக்கினேன்.

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். இலை மஞ்சளானதும் நம் கை தானாகத் தண்ணீருக்குப் போகிறது. தாகத்தில் வாடுகிற செடியும் வேர் அழுகி வாடுகிற செடியும் மேலே பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், ஏனென்றால் அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்சவே முடியாது, செடி ஈரத்தில் நின்றபடியே காய்கிறது. மண்ணில் விரலை விட்டுப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தண்டை லேசாகப் பிடித்தேன், கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் கொழகொழவென்று, சாக்கடை வாடை. செய்தித்தாளை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தேன். ஜீஜீக்கு மண்ணுக்குள் சின்ன உருளைக்கிழங்கு மாதிரிக் கிழங்கு இருக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த செடி, மாதக்கணக்கில் மழை இல்லாவிட்டாலும் தாங்க வேண்டும் என்று அந்தக் கிழங்கில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதற்குப் போய் தினம் ஒரு டம்ளர். ஐந்து கிழங்கு இருந்தது. நான்கை அழுத்தினால் விரல் உள்ளே போனது, தோல் மட்டும் உரிந்து கையில் ஒட்டியது. ஐந்தாவது பாதி கெட்டியாக இருந்தது. கருப்பு போய் வெள்ளைச் சதை தெரிகிற வரை கத்தியால் சீவி, மஞ்சள்தூள் தடவி, இரண்டு நாள் நிழலில் உலர வைத்து மறுபடி நட்டிருக்கிறேன். கெடாத தண்டிலிருந்து மூன்று இலைகளைக் கிள்ளி, ஈர மணல் போட்ட தயிர் டப்பாவில் செருகி வைத்திருக்கிறேன்.

இந்த மாதிரி அழுகிய செடி யாருக்காவது பிழைத்திருக்கிறதா? உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்றும் எழுதுங்கள், நல்லதோ கெட்டதோ.

கோயம்புத்தூர்

தங்கச்சி, இலையைச் செருகினீர்கள் பாருங்கள், அதை நம்பி இருங்கள். பாதிக் கிழங்கு பிழைப்பது கஷ்டம். இலை பிழைக்கும், ஆனால் மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

கூழாங்கல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நானும் பல வருடம் போட்டவன். சமையலறைப் பஞ்சை நன்றாக நனைத்து ஜல்லி மேல் வைத்துப் பாருங்கள், பஞ்சில் இருக்கும் தண்ணீர் ஜல்லிக்கு இறங்காது, பஞ்சுக்குள்ளேயே நிற்கும். மண்ணும் அப்படித்தான். நுண்ணிய துளைகளில் பிடித்து வைத்திருக்கிற தண்ணீரை, கல்லுக்கு நடுவில் இருக்கிற பெரிய இடைவெளிக்கு அது எளிதில் விடாது. கல்லுக்கு மேலே இருக்கிற மண் முழுக்க ஊறி நிரம்பிய பிறகுதான் சொட்டும். ஆக, கல் போட்டதால் சேறு இரண்டு அங்குலம் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்ததுதான் மிச்சம். அடியில் ஓட்டை வேண்டும், அதற்கு மாற்றே கிடையாது. பீங்கான் தொட்டி அழகாக இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து அதைப் பீங்கானுக்குள் இறக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் விடும்போது வெளியே எடுத்து, ஊற்றி, முழுக்க வடிந்த பிறகு உள்ளே வையுங்கள்.

நர்சரிச் செம்மண் வெயிலில் இருக்கிற செடிக்குச் சரி, வீட்டுக்குள் அது களிமண் கட்டி மாதிரி இறுகிவிடும். நான் ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு உடைத்த செங்கல் குருணை கலக்கிறேன். எங்களுக்குப் பொள்ளாச்சி பக்கம் என்பதால் நார்க்கழிவு சுலபமாகக் கிடைக்கிறது, ஆனால் அதில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்து, டீ நிறத்தில் வருகிற தண்ணீர் தெளிகிற வரை கழுவித்தான் சேர்க்க வேண்டும்.

எப்போது தண்ணீர் விடுவது என்று கேட்டால் நான் நாள் கணக்குச் சொல்ல மாட்டேன். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் விட்ட அன்றைக்கு ஒரு தடவை தூக்கி அந்தக் கனத்தை மனதில் வைத்துக்கொண்டால், காய்ந்த தொட்டி எவ்வளவு லேசு என்று இரண்டு வாரத்தில் கைக்கே தெரிந்துவிடும். ஜீஜீ, ஸ்னேக் பிளான்ட் இரண்டுக்கும் மண் அடிவரை காய்ந்த பிறகு விட்டால் போதும். பீஸ் லில்லிக்கு மேல் மண் ஒரு அங்குலம் காய்ந்ததும் விட வேண்டும், மறந்தாலும் அது துவண்டு விழுந்து நமக்குச் சொல்லிவிடும், தண்ணீர் விட்டுச் சில மணி நேரத்தில் எழுந்துகொள்ளும்.

ஸ்னேக் பிளான்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. ஓரத்தில் மஞ்சள் கோடு போட்ட வகை ஒன்று வைத்திருந்தேன். தம்பி வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு இலையைத் துண்டு துண்டாக நறுக்கி மண்ணில் ஊன்றினேன். எல்லாம் வேர் விட்டது, குட்டியும் போட்டது, ஒன்றிலும் மஞ்சள் இல்லை, வெறும் பச்சை. இலைத் துண்டிலிருந்து வளர்த்தால் அந்தக் கோடு வராது, மண்ணுக்கடியில் ஓடுகிற கிழங்கைக் குட்டியோடு பிரித்து வைத்தால்தான் வரும். இதே இனத்தில் நம் ஊர்க் காட்டுச் செடியும் ஒன்று உண்டு, மருள். எங்கள் தாத்தா அதில் நார் உரித்துக் கயிறு திரிப்பார். பாறை இடுக்கில் தானாக வளர்ந்து நிற்கிற அந்தச் செடியைப் பார்த்தவர்கள் ஸ்னேக் பிளான்ட்டுக்கு தினமும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள்.

திருச்சி, ஸ்ரீரங்கம்

எங்கள் வீட்டில் கொசு மாதிரிக் குட்டிக் கருப்புப் பூச்சி. ராத்திரி போன் வெளிச்சத்தில் முகத்தைச் சுற்றும், கடிக்காது. எங்கிருந்து வருகிறது என்றே ஒரு மாதம் தெரியவில்லை, சிங்க் குழாயை எல்லாம் கழுவினோம். கடைசியில் அக்லோனிமா தொட்டி மண்ணைக் கிளறினால் பொலபொலவென்று பறந்தது.

காரணம் அரிசி களைந்த தண்ணீர். அத்தை கொல்லையில் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் வாழ்நாள் முழுக்க அதைத்தான் ஊற்றினார், அங்கே வெயிலும் காற்றும் மண்புழுவும் இருந்தன, ஊற்றியது சாயந்திரத்துக்குள் இருக்கிற இடம் தெரியாது. பிளாட்டுக்குள் அது மேல் மண்ணிலேயே நின்று புளித்து, பூஞ்சை பிடித்து, அந்தப் பூஞ்சையைத் தின்ன இந்தப் பூச்சி முட்டை வைக்கிறது. புழு மேல் மண்ணில்தான் இருக்கும் என்பதால் இரண்டு அங்குலம் நன்றாகக் காயவிட்டோம், பறக்கிறதைப் பிடிக்க மஞ்சள் ஒட்டு அட்டை செருகினோம். நான்கு வாரம் ஆனது. நடுவில் விட்டுவிடாதீர்கள், முட்டையிலிருந்து பூச்சி ஆக மூன்று நான்கு வாரம் எடுக்கும், பாதியில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பம்.

இப்போது அரிசித் தண்ணீர் பால்கனிச் செடிக்கு, உள்ளே இருப்பதற்கு ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், மண் மேல் வெள்ளையாகப் படியும், இலை நுனி கருகும். ஏசி தண்ணீரில் அந்த உப்பு இல்லை. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டாம், அதில்தான் உப்பு இன்னும் கூடுதல்.

சிங்கப்பூர்

வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டில், கண்ணாடிப் போத்தலில் மணி பிளான்ட். இங்கே தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசுப் புழு கிடந்தால் அபராதம் உண்டு, அதற்கு மேலே டெங்கி பயம். நான் வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றி வந்தேன், போதும் என்று நினைத்தேன். ஒருநாள் பேத்திதான் "பாட்டி, உள்ளே ஏதோ நெளியுது" என்று காட்டினாள். உடம்பு சில்லிட்டுவிட்டது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரமே போதும் என்கிறார்கள். முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே போத்தல் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரைக் கொட்டினாலும் போகாது, காய்ந்தும் மாதக்கணக்கில் கிடக்கும். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுகிறேன், போத்தலின் உள்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேய்க்கிறேன், வேரையும் குழாயில் அலசுகிறேன். தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டையும் மறக்காதீர்கள்.

மதுரை

சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் பையனுக்கு ஒன்றரை வயதில் மணி பிளான்ட் இலையைக் கடித்துவிட்டான். வீறிட்டு அழுதான், வாயில் எச்சில் ஒழுகுகிறது, உதடு சிவந்துவிட்டது. வாயைத் துடைத்து, தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம், நல்லவேளை தொண்டை வீங்கவில்லை. அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது, சேனைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கிறதே, அதே ஊசி மாதிரிப் படிகம், கால்சியம் ஆக்சலேட். மணி பிளான்ட், பீஸ் லில்லி, சிங்கோனியம், அக்லோனிமா, ஜீஜீ எல்லாமே சேனை, சேம்புக் குடும்பம்தான். பூனை நாய்க்கும் ஆகாது. எங்கள் வீட்டில் செடி எல்லாம் இப்போது அலமாரி மேலே.

ஓசூர்

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூச்சிரைப்பு இருக்கிற அப்பாவுக்காகப் படுக்கையறையில் 14 செடி அடுக்கினேன், காற்றைச் சுத்தம் செய்யும், நாசாவே சொன்னது என்று விற்றார்கள். 1989-இல் நாசா செய்த சோதனை மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. சாதாரணக் கட்டடத்தில் தானாக நடக்கிற காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டியிருக்கும் என்று 2019-இல் வந்த ஆய்வு ஒன்று கணக்குப் போட்டது. ஜன்னலைத் திறப்பதே மேல். செடிகளை ஹாலுக்கு மாற்றிவிட்டேன், வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் நன்றாகவே இருக்கின்றன. அப்பா காலையில் எழுந்ததும் நாற்காலியை அங்கேதான் போட்டு உட்காருகிறார்.

சென்னை, பெரும்பாக்கம்

எல்லோருக்கும் நன்றி. ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். அண்ணா சொன்ன மாதிரியே பாதிக் கிழங்கு போய்விட்டது. மூன்று இலையில் ஒன்று காய்ந்தது. மற்ற இரண்டும் பச்சையாகவே நின்றன, வளரவும் இல்லை, வாடவும் இல்லை. பத்து நாளுக்கு ஒரு தடவை டப்பாவைத் தூக்கிப் பார்த்து, லேசாக இருந்தால் மட்டும் இரண்டு ஸ்பூன் தண்ணீர். காலையில் கை பழக்கத்தில் டம்ளரை எடுக்கும், திரும்ப வைத்துவிடுவேன்.

நேற்று பொறுக்க முடியாமல் மணலை விரலால் மெல்ல விலக்கினேன். காம்பு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு கிழங்கு, வெளுத்த தோல், அதிலிருந்து நூல் மாதிரி இரண்டு வேர். இன்னொரு இலையிலும் அப்படியே, அது இன்னும் சின்னது. அப்படியே மூடி வைத்துவிட்டேன். அண்ணா, இதை எப்போது மண்ணுக்கு மாற்றலாம்?

கோயம்புத்தூர்

ரொம்பச் சந்தோஷம் தங்கச்சி. இப்போது அசைக்க வேண்டாம், வேர் சட்டென்று ஒடிந்துவிடும். மணலுக்கு மேலே குருத்து வரட்டும், இன்னும் சில மாதம் ஆகலாம். வந்ததும் டீ டம்ளர் அளவுத் தொட்டி போதும், பெரிய தொட்டியில் மண் அதிகம், காய நாளாகும். அடியில் ஓட்டை போட்டுவிட்டுப் படம் போடுங்கள்.