பூப்பாறையில் டெரைலர் உடைந்துவிட்டது, செயின் கட்டர் கிடைக்குமா?

நண்பர்களே, வணக்கம். மூணாறிலிருந்து போடிக்குச் சைக்கிளில் திரும்பும் வழியில் பூப்பாறையில் நிற்கிறேன். ஏற்றத்தில் கியர் மாற்றும்போது பின் டெரைலர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) ஸ்போக்குகளுக்குள் சிக்கி, அதைச் சைக்கிள் சட்டத்தோடு பிணைக்கும் ஹேங்கர் முறிந்துவிட்டது. டெரைலரின் கூண்டு நெளிந்து, கீழ்ச் சிறுசக்கரம் கழன்று கையில் இருக்கிறது. நல்லவேளை, சக்கரம் சுற்றுகிறது.

டெரைலரைக் கழற்றி, செயினைச் சுருக்கி, ஒற்றை கியரில் போடிமெட்டு வரை ஏறிவிட்டால் போதும். அதற்குப் பிறகு 17 கொண்டை ஊசி வளைவுகளும் இறக்கம்தான்; பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் கண்ணிகளைக் கோக்கும் பின்னை (pin) வெளியே தள்ளும் செயின் கட்டர் இல்லை. டீக்கடை அண்ணன் பாவம், சுத்தியலும் ஆணியும் எடுத்து வந்தார். ஆணியால் அடித்து அந்தப் பின் முழுவதும் வெளியே வந்துவிட்டால் திரும்ப நுழைப்பது பெரும்பாடு என்பதால் தயங்குகிறேன்.

பூப்பாறை, சூரியநெல்லி, சாந்தன்பாறை பக்கம் யாரிடமாவது கட்டரோ 9 ஸ்பீடு செயினுக்கான இணைப்புக் கண்ணியோ இருக்கிறதா?

இன்னொன்று: என் சைக்கிளில் பின் அச்சு உட்காரும் வாய் செங்குத்தானது, சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்க முடியாது. செயின் பெரிய பல்சக்கரத்துக்குத் தாவி இறுகிவிடும் ஆபத்து உண்டு. முன்னால் சின்னதில் போட்டால், பின்னால் எதில் மாட்டுவது நல்லது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும்.